ஒரே ஒரு ஓய்வு நாள்: புர்கோஸா, லெயோனா, பாம்ப்லோனாவா?

கமினோ நடக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், பேச்சு ஷூவில் ஆரம்பித்து, முதுகுப்பையின் எடைக்குப் போய், கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். "லீவுக் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. ஒரு நாள் மிச்சம் இருக்கு. எந்த ஊரில் தங்கட்டும்?"

கமினோ பிரான்செஸ் என்ற பாதை பிரான்ஸ் எல்லையில் சான்-ஜான்-பியே-த-போரில் தொடங்குகிறது. பிரனீஸ் மலையைத் தாண்டி, வட ஸ்பெயினின் குறுக்கே சான்டியாகோ தே கொம்போஸ்தெலா வரை ஏறக்குறைய 780 கிலோமீட்டர். இயேசுவின் சீடர் யாக்கோபின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பி ஆயிரம் வருடத்துக்கும் மேலாக மக்கள் நடந்து வருகிறார்கள். சான்டியாகோ என்ற பெயர் நமக்கும் புதிதில்லை. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் கோயில் கொண்டிருக்கும் சந்தியாகப்பர் இவர்தான்.

வழியில் வருவதில் பெரும்பகுதி கிராமங்கள். நகரம் என்று சொல்லத்தக்கவை பாம்ப்லோனா, லோக்ரோனியோ, புர்கோஸ், லெயோன். லோக்ரோனியோவுக்கு ஒரு சாயங்காலம் போதும். லாரெல் தெருவில் கடைக்குக் கடை நின்று ஒரு சுற்றுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். ஆக, போட்டி மீதி மூன்றுக்கும்தான்.

## எதை வைத்து முடிவு செய்வது

எந்த ஊர் அழகு என்று கேட்டால் பதில் கிடைக்காது, மூன்றுமே அழகுதான். நான் பார்ப்பது வேறு கணக்கு.

முதலாவது, அந்த ஊர் பாதையில் எந்த இடத்தில் வருகிறது என்பது. மூன்றாம் நாளில் வரும் ஊரும் இருபதாம் நாளில் வரும் ஊரும் உடம்புக்கு ஒன்றல்ல.

இரண்டாவது, ஊருக்குள் எவ்வளவு நடக்க வேண்டும். ஓய்வு நாள் என்று பெயர் வைத்துக்கொண்டு பதினைந்து கிலோமீட்டர் சுற்றினால், சுமை மட்டும்தான் இறங்கியிருக்கிறது, கால் ஓயவில்லை.

மூன்றாவது, அரை நாளில் பார்த்து முடிக்கக்கூடிய ஊரா என்பது. முடியும் என்றால் முழு நாளை அங்கே செலவழிப்பானேன்?

நான்காவதுதான் பலர் யோசிக்காதது, கண்ணுக்குத் தெரியாத செலவு. யாத்ரீகர்களுக்கான அல்பெர்கே என்னும் பொது விடுதிகளில், குறிப்பாக நகராட்சியும் மடங்களும் நடத்துபவற்றில், உடம்பு சரியில்லாதவர்களைத் தவிர மற்றவர்கள் ஒரு இரவுக்கு மேல் தங்க முடியாது. காலை எட்டு மணிக்குள் எல்லோரும் வெளியே. அதனால் ஓய்வு நாள் என்றாலே குறைந்தது ஒரு இரவு தனி அறை. பத்துப் பதினைந்து யூரோவில் முடிகிற இடத்தில் ஐம்பது அறுபது யூரோ ஆகும். அப்புறம் கிழமை. ஸ்பெயினில் திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை இரவு கிழிந்த ஷூவோடு ஒரு நகரத்துக்குள் வந்தால், புது ஷூவுக்காகத் திங்கட்கிழமை வரை உட்கார வேண்டியிருக்கும்.

பணத்தில் அளக்க முடியாத செலவு ஒன்றும் உண்டு. பத்து நாள் கூடவே நடந்து, ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே கூடத்தில் குறட்டை விட்ட கூட்டம் உங்களை விட்டு ஒரு நாள் முன்னால் போய்விடும். பிறகு அவர்களைப் பிடிக்க முடியாது. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. தங்கின நாள் சாயங்காலம்தான் உறைக்கும்.

| | பாம்ப்லோனா | புர்கோஸ் | லெயோன் |
|---|---|---|---|
| தொடக்கத்திலிருந்து தூரம் | சுமார் 68 கி.மீ. | சுமார் 285 கி.மீ. | சுமார் 470 கி.மீ. |
| சான்டியாகோவுக்கு மீதி | சுமார் 710 கி.மீ. | சுமார் 495 கி.மீ. | சுமார் 310 கி.மீ. |
| எத்தனையாவது நாள் வரும் | 3 | 12 அல்லது 13 | 20 அல்லது 21 |
| பார்க்க வேண்டியவை இருக்கும் விதம் | மதிலுக்குள் நெருக்கமாக | கிழக்கே, மேற்கே, நடுவே | பழைய ஊருக்குள், மீதி போகும் வழியில் |
| திருப்தியாகப் பார்க்க | அரை நாள் | ஒன்றரை நாள் | ஒரு நாள் |
| மாட்டிக்கொள்ளும் இடம் | ஜூலை 6 முதல் 14 வரை | திங்கட்கிழமை | இரவில் சாத்திவிடும் அல்பெர்கே கதவு |

## பாம்ப்லோனா

முதல் நாளே கிட்டத்தட்ட 1,250 மீட்டர் ஏறி, ரோன்செஸ்வாயெஸில் இறங்கி, மறுநாள் சுபிரிக்குக் கற்பாறைச் சரிவில் முழங்கால் நடுங்க இறங்கி, மூன்றாம் நாள் மதியம் மக்தலேனா பாலத்தைத் தாண்டினால் பாம்ப்லோனாவின் மதில் எதிரே நிற்கும். பிரான்ஸ் வாசல் வழியாக உள்ளே நுழைகிற அந்தச் சில நிமிடங்கள் போல மற்ற இரண்டு ஊர்களிலும் கிடையாது. அங்கேயெல்லாம் கிடங்குகளையும் கார் விற்பனைக் கூடங்களையும் தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டும். இங்கே தூக்குப்பாலம், மதில், வாசல், உடனே பழைய தெரு.

ஊரின் கதையும் சுவையானது. இங்கே ஒரு காலத்தில் மதில் வைத்துப் பிரிந்து சண்டையிட்டுக்கொண்ட மூன்று குடியிருப்புகள் இருந்தன. நவாரா அரசர் மூன்றாம் கார்லோஸ் 1423-இல் அவற்றை ஒன்றாக்கினார். இப்போதுள்ள நகர்மன்றம் அந்த மூன்றும் சந்திக்கிற இடத்தில் நிற்கிறது. அரசரின் கல்லறை பேராலயத்துக்குள் இருக்கிறது. பேராலயத்தின் முகப்பைப் பார்த்து ஏமாந்து திரும்பிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் கோதிக் பாணி முற்றத்துக்காகவே டிக்கெட் வாங்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1521-இல் இந்த ஊரைக் காக்கும் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்தவர், பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலா. அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற நவாரா குடும்பங்களில் ஒன்று, இங்கிருந்து கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹவியெர் கோட்டைக் குடும்பம். அந்த வீட்டின் கடைசிப் பிள்ளைதான் பிரான்சிஸ் சேவியர். பின்னாளில் பாரிஸில் லொயோலாவோடு சேர்ந்து, 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, ஜெபங்களைத் தமிழில் மாற்றி வைத்துக்கொண்டு பரதவர் ஊர்களில் கற்றுக்கொடுத்தவர். தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்து ஆட்கள் பாம்ப்லோனாவில் ஒரு நாள் நின்று அந்தக் கோட்டைக்குப் போய்வர விரும்பினால் நான் தடுக்க மாட்டேன்.

மற்றவர்களுக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மூன்றாம் நாளில் உடம்பு இன்னும் நடைக்குப் பழகவில்லை. இப்போது நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது போலிருக்கும். ஒரே விதிவிலக்கு முழங்கால். சுபிரி இறக்கத்தில் வீங்கியிருந்தால் யோசிக்காமல் தங்குங்கள். ஜூலை 6 முதல் 14 வரை சான் ஃபெர்மின் திருவிழா. எருதுகளின் முன்னே ஓடும் அந்த நாட்களில் அறை வாடகை பல மடங்கு, இரவு முழுக்கத் தெருவில் கூச்சல். அதைப் பார்க்கவே போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் ஊரைத் தொடாமல் நகர்ந்துவிடுவது நல்லது.

## புர்கோஸ்

புர்கோஸில் பார்க்க வேண்டியது மற்ற இரண்டையும் விட அதிகம். அதுதான் சிக்கலும்.

பேராலயத்தின் முதல் கல் 1221-இல் வைக்கப்பட்டது. மேற்கு முகப்பின் இரண்டு ஊசிக் கோபுரங்களும் பதினைந்தாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கொலோனிலிருந்து வந்த ஹுவான் தே கொலோனியா எழுப்பியவை. கல்லில் பின்னல் போட்டது போல, கோபுரத்தின் ஊடாகவே வானம் தெரியும். உள்ளே வடபக்கச் சுவரில் பொன் படிக்கட்டு. அந்தப் பக்கத் தெரு கோயில் தரையை விடப் பல மீட்டர் உயரத்தில் இருப்பதால், வாசலிலிருந்து இறங்குவதற்காக தியேகோ தே சிலோயே 1519-க்கும் 1523-க்கும் இடையில் கட்டியது. யாத்ரீகர்கள் ஊருக்குள் வரும் வழி அந்த மேட்டுத் தெருதான். முதல் நாள் அதன் பக்கவாட்டில் நடந்து போகும்போது கோயிலின் பாதி உயரம் உங்கள் காலடியில் கிடப்பது தெரியும்.

நடுக்கூடத்தின் தரையில் இடைக்கால ஸ்பெயினின் புகழ்பெற்ற போர்வீரர் எல் சித், அவர் மனைவி ஹிமேனா இருவரின் கல்லறை. 1921-இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். மேலே பார்த்தால் நட்சத்திர வடிவில் கூரை. அந்த நடுக்கோபுரம் 1539-இல் இடிந்து விழுந்து, மறுபடி கட்டியது. ஆனால் கூட்டம் நிற்பது அங்கே இல்லை. பின்பக்கம் உயரத்தில் ஒரு கடிகாரம், அதன் மேல் சிவப்புச் சட்டையில் ஒரு பொம்மை மனிதன். மணி அடிக்கும்போதெல்லாம் வாயைத் திறந்து மூடுவான். பெயர் பாப்பாமோஸ்காஸ், ஈ விழுங்கி. நான் நின்றிருந்த நண்பகல் பன்னிரண்டுக்கு, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் அண்ணாந்து பார்த்தபடி பன்னிரண்டு தடவையும் அவனோடு சேர்ந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஈ எங்கே என்று ஒரு பெரியவர் கேட்டதும் ஆசிரியைக்கே சிரிப்பு அடங்கவில்லை.

இதற்கே இரண்டு மணி நேரம் ஆகும். பிறகு மேற்கே ஒன்றரை கிலோமீட்டரில் லாஸ் உவெல்காஸ் கன்னியர் மடம், 1187-இல் எட்டாம் அல்ஃபோன்சோவும் இங்கிலாந்திலிருந்து வந்த ராணி லியோனோரும் நிறுவியது. இதன் தலைவி ஒரு காலத்தில் ஊர்களை ஆண்டவர். இங்கே கை அசையும் யாக்கோபு சிலை ஒன்று உண்டு. வாள் பிடித்த அந்தக் கைதான் அரசர்களுக்கு வீரப் பட்டம் கொடுத்ததாம். அரசரை மண்டியிட வைத்துத் தோளைத் தட்ட உயிரோடு இருக்கும் எவருக்கும் தகுதியில்லை என்பதால் சிலையின் கைக்கு மூட்டு வைத்தார்கள் என்கிறது கதை. அரச கல்லறைகளில் கிடைத்த இடைக்காலத் துணிகளும் இங்கேதான். நெசவில் ஆர்வம் இருந்தால் விடாதீர்கள்.

கிழக்கே மூன்றரை, நான்கு கிலோமீட்டரில் மிராஃப்லோரெஸ் மடம். உள்ளே இரண்டாம் ஹுவான் அரசரும் ராணி இசபெலும் படுத்திருக்கும் எட்டு முனை நட்சத்திரக் கல்லறை, ஹில் தே சிலோயே அலபாஸ்டர் என்னும் வெண்கல்லில் செதுக்கியது. சிற்பம் பார்க்கிற கண் இருந்தால் புர்கோஸில் இதற்குத்தான் என் முதலிடம், பேராலயத்துக்குக்கூட இல்லை.

பேராலயத்திலிருந்து ஆற்றைத் தாண்டினால் மனிதப் பரிணாம அருங்காட்சியகம், 2010-இல் திறந்தது. முந்தைய நாள் நீங்கள் நடந்து தாண்டிய அதாபுயெர்கா மலையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரயில் பாதைக்காக வெட்டிய பள்ளம் பழைய குகைகளைத் திறந்துவிட்டது. அங்கே எட்டு லட்சம் வருடத்துக்கும் முந்தைய மனித எலும்புகளும், நான்கு லட்சம் வருடத்தைத் தாண்டிய மண்டையோடுகளும் கிடைத்தன. அசல்களை இங்கே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். முதல் தடவை எனக்குக் கிடைத்த ஒரே ஓய்வு நாளை இங்கேதான் வைத்தேன். காலையில் மிராஃப்லோரெஸ், மதியம் அருங்காட்சியகம், சாயங்காலம் உவெல்காஸ், நடுவில் இரண்டு தடவை அறைக்கு. இரவில் போன் காட்டியது பதினேழு கிலோமீட்டர். மறுநாள் ஓர்னியோஸ் போய்ச் சேருவதற்குள் முன்னங்காலில் ஆரம்பித்த வலி, லெயோன் வரை கூடவே வந்தது.

உவெல்காஸும் அருங்காட்சியகமும் திங்கட்கிழமை மூடியிருக்கும். உவெல்காஸில் குறிப்பிட்ட நேரத்துக்கு வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், பேச்சு பெரும்பாலும் ஸ்பானிஷில். ஊர் சுமார் 860 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்று ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள். ஜூன் மாதக் காலையில்கூட ஸ்வெட்டர் வேண்டியிருக்கும்.

சாப்பாட்டில் ஊரின் பெருமை மோர்சியா, பன்றி ரத்தத்தில் அரிசி சேர்த்துச் செய்யும் தொத்திறைச்சி. நம் ஊர் ரத்தப் பொரியல் பிடித்தவர்களுக்கு இது பிடிக்கும். சைவக்காரர்களுக்குப் புர்கோஸ் பாலாடைக்கட்டி இருக்கிறது. பஞ்சு போல மெத்தென்று, உப்பில்லாத பன்னீர் மாதிரி. தேன் ஊற்றித் தருவார்கள். பூண்டு சூப் சைவம் என்று நினைத்துக் கேட்டுவிடாதீர்கள், அடியில் பன்றித் துண்டு கிடக்கும்.

## லெயோன்

லெயோன் என்றால் ஸ்பானிஷில் சிங்கம். ஊர்ச் சின்னத்திலும் சிங்கம்தான். ஆனால் பெயர் வந்தது சிங்கத்திலிருந்து அல்ல, இங்கே முகாமிட்டிருந்த ஏழாவது ரோமானியப் படையிலிருந்து. படைப்பிரிவுக்கு லத்தீனில் லெகியோ. அது தேய்ந்து லெயோன் ஆனது.

இந்த ஊரின் நல்ல குணம், எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது. பேராலயத்திலிருந்து சான் இசிதோரோ மெதுவாக நடந்தால் பத்து நிமிடம். நடுவில் கட்டடக் கலைஞர் கௌதி கட்டிய போதினெஸ் மாளிகை. சான் மார்கோஸ் கொஞ்சம் தள்ளி, ஆனால் அது மறுநாள் காலையில் நீங்கள் ஊரை விட்டுப் போகும் வழியிலேயே வருகிறது. அதற்கென்று தனி நடை வேண்டாம். வலிக்கிற காலோடு பார்க்க முடிந்த ஊர் இது ஒன்றுதான்.

புர்கோஸ் பேராலயத்தில் கல்லைப் பார்ப்போம், லெயோனில் கண்ணாடியை. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சாளரம் வைத்துக் கட்டிவிட்டார்கள், சுமார் 1,800 சதுர மீட்டர் வண்ணக்கண்ணாடி, நிறையப் பகுதி இடைக்காலத்தது. சுமை தாங்கும் சுவரே போதாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயில் இடிந்து விழும் நிலைக்கு வந்து, பல பத்தாண்டு வேலைக்குப் பிறகு நிமிர்ந்தது. 1966-இல் கூரை தீப்பிடித்தபோதும் கண்ணாடிகள் தப்பித்தன. காலையில் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மதியம் மூடிவிட்டு நாலு மணிவாக்கில் திறக்கும் வழக்கம் உண்டு. வெயில் மேற்கே சாய்ந்த பிறகு போய் உட்காருங்கள். எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கொப்புளத்துக்குச் சுற்றிய வெள்ளைக் கட்டின் மேல் முதலில் நீலம், கொஞ்ச நேரத்தில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு என்று ஊர்ந்து போனது. அவள் பார்க்கவே இல்லை, தூங்கிவிட்டாள்.

சான் இசிதோரோவின் அரச கல்லறை மண்டபம் சிறியது, தாழ்ந்த கூரை. அந்தக் கூரை முழுவதும் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஓவியம். ஒரு வளைவில் பன்னிரண்டு மாதமும் விவசாயியின் வேலையாக வரைந்திருக்கிறார்கள். மார்ச்சில் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்கிறான், ஜூலையில் கோதுமை அறுக்கிறான், ஆகஸ்டில் கதிர் அடிக்கிறான், அக்டோபரில் பன்றிகளுக்கு ஓக் மரக் கொட்டைகளை உதிர்க்கிறான், நவம்பரில் அதே பன்றியை வெட்டுகிறான். கடந்த ஒரு வாரமாக மெசெத்தா சமவெளியில் கோதுமை வயலைத் தவிர வேறெதையும் பார்க்காமல் வந்தவருக்கு, அறுப்பும் அடிப்பும் தெரிந்த முகமாக இருக்கும். கோயிலின் பக்கவாட்டில் மன்னிப்பு வாசல். நோயால் சான்டியாகோ வரை போக முடியாதவர்கள் இந்த வாசலைத் தொட்டாலே யாத்திரையின் முழுப் பலனும் கிடைக்கும் என்று இருந்தது. 310 கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது அந்த வாசலைப் பார்த்தால் ஒரு சபலம் வரத்தான் செய்யும்.

சான் மார்கோஸ் இப்போது சொகுசு ஓட்டல். முன்பு சான்டியாகோ வீரர் அமைப்பின் மடம். கவிஞர் கெவேதோ 1639 முதல் 1643 வரை இங்கே சிறையிலிருந்தார். உள்நாட்டுப் போரின்போது இது கைதிகள் முகாம். முகப்பின் அலங்காரத்தை ரசிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். எதிரே சதுக்கத்தில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சிலுவையின் அடியில் சாய்ந்திருக்கும் யாத்ரீகரின் வெண்கலச் சிலை.

சாயங்காலம் பார்ரியோ ஊமெதோ என்ற பழைய பகுதிக்குப் போங்கள். லெயோனில் எதைக் குடித்தாலும் கூட ஒரு தின்பண்டம் இலவசம். சின்னக் கிளாஸ் பியருக்குக் கோர்த்தோ என்று பெயர். குடிக்காதவர்கள் மோஸ்தோ கேளுங்கள், திராட்சைச் சாறு, அதற்கும் தட்டு வரும். நாலு கடை ஏறி இறங்கினால் இரவுச் சாப்பாடு முடிந்தது. வருவதில் பாதி இறைச்சி, செசினா என்பது உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சி. வேண்டாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டால் உருளைக்கிழங்கோ, தோர்தியா என்னும் முட்டை ஆம்லெட்டோ தருவார்கள்.

சரி, குறை என்ன? ஊர் சாப்பிடத் தொடங்குவதே இரவு எட்டரை, ஒன்பதுக்கு. அல்பெர்கே கதவு பத்து மணிக்குச் சாத்தப்படும், மடங்களில் அதற்கும் முன்பே. பொது விடுதியில் தங்கினால் ஊமெதோவின் நல்ல நேரம் உங்களுக்குக் கிடையாது. லெயோனைத் தேர்ந்தெடுத்தால் தனி அறை என்பது கூடுதல் வசதியாக இல்லாமல் கட்டாயமாகவே ஆகிவிடுகிறது. வார இறுதியில் மாட்டினால், கல்யாணத்துக்கு முன் கொண்டாட வரும் மணமகன் தோழர் கூட்டங்களின் சத்தத்தில் ஜன்னல் ஓரத்து அறையில் தூங்க முடியாது. உள்பக்க அறை கேளுங்கள். ஊரை விட்டு வெளியேறும் வழியும் அலுப்பு. லா விர்ஹென் தெல் கமினோ வரை ஏழெட்டுக் கிலோமீட்டர் கிடங்குகளும் ரவுண்டானாக்களும். அங்கே போய்ச் சேர்ந்தால் 1961-இல் கட்டிய புதுப் பாணிக் கோயில், முகப்பில் சிற்பி சுபிராக்ஸ் வார்த்த பதின்மூன்று வெண்கல உருவங்கள். அதில் யாக்கோபு மட்டும் கையை நீட்டிப் போகவேண்டிய திசையைக் காட்டுகிறார்.

## இடையில் நுழையும் அஸ்தோர்கா

நகரமே பிடிக்காது, சத்தம் வேண்டாம் என்பவர்கள் லெயோனிலிருந்து இரண்டு நாள் நடையில் வரும் அஸ்தோர்காவில் தங்கலாம். சின்ன ஊர். கௌதி வடிவமைத்த ஆயர் மாளிகையும் பேராலயமும் ஒன்றை ஒன்று பார்த்து நிற்கும். சாக்லேட் அருங்காட்சியகம் உண்டு. அந்தப் பகுதியின் மராகாத்தோ சாப்பாடு தலைகீழ், முதலில் இறைச்சி, பிறகு கொண்டைக்கடலை, கடைசியில் சூப். சைவக்காரர் கொண்டைக்கடலையையும் நம்ப வேண்டாம், எல்லாம் ஒரே பானைதான். புது ஷூ, நல்ல மருத்துவர் என்று எதாவது வேண்டியிருந்தால் இது அதற்கான ஊர் இல்லை.

## ஓய்வு நாளைச் செலவழிக்காமல் ஒரு வழி

இரண்டு ஊரும் வேண்டும், நாள் ஒன்றுதான் என்றால், நகரத்துக்குள் வருவதற்கு முந்தின நாள் தங்கும் இடத்தை மாற்றுங்கள். வழக்கமாக எல்லோரும் அதாபுயெர்காவில் தங்கி, இருபது கிலோமீட்டர் நடந்து களைத்துப்போய் புர்கோஸுக்குள் வருவார்கள். இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் கூடுதலாக நடந்து கார்தென்யுயேலாவில் தங்கினால் மறுநாள் காலை பதினொன்றுக்குள் பேராலய வாசலில் நிற்கலாம். வில்லாஃப்ரியா வழியாக வரும் தொழிற்பேட்டைச் சாலையை விட்டுவிட்டு ஆற்றோரப் பாதையைப் பிடியுங்கள், தூரம் கொஞ்சம் கூடினாலும் மனசு கெடாது. அன்றைய பிற்பகலுக்குப் பேராலயமும் அருங்காட்சியகமும் சரியாக இருக்கும். மறுநாள் மூட்டையோடு கிளம்பி, பாதைக்குச் சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் உவெல்காஸைக் காலையிலேயே பார்த்துவிட்டு நடையைத் தொடரலாம். அன்று நடை குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். மிராஃப்லோரெஸ் விட்டுப்போகும். வருத்தம்தான்.

லெயோனுக்கும் இதே கணக்கு. மான்சியா தே லாஸ் முலாஸில் தங்கினால் பதினெட்டுக் கிலோமீட்டர், மதியத்துக்குள் ஊருக்குள்.

## யாருக்கு எது

முழுப் பாதையும் நடக்கிறவருக்கு ஒரே ஒரு நாள் என்றால் நான் லெயோன் என்பேன். புர்கோஸை மேலே சொன்ன அரை நாளில் பிடித்துவிடுங்கள். மெசெத்தாவின் 180 கிலோமீட்டரையும், காரியோனுக்கும் கல்சாதியாவுக்கும் நடுவே பதினேழு கிலோமீட்டருக்கு ஒரு ஊர்கூட இல்லாத பகுதியையும் கடந்து வரும் உடம்புக்கு அங்கேதான் ஓய்வு தேவைப்படும். முன்னால் மலையும் இருக்கிறது.

புர்கோஸில் முழு நாள் தங்கத் தகுந்தவர் இரண்டு வகை. சிற்பம், வரலாறு, தொல்லியல் என்று வந்தவர் ஒரு வகை. அவர் கால் நன்றாக இருக்க வேண்டும், வந்து சேரும் நாள் ஞாயிறாக இருக்கக்கூடாது, மறுநாள் திங்கள் ஆகிவிடும். இன்னொரு வகை மெசெத்தாவை நடக்காமல் பேருந்திலோ ரயிலிலோ தாண்டுகிறவர். இரண்டு மூன்று மணி நேரத்தில் லெயோன் வந்துவிடும் என்பதால் மிச்சமாகும் ஒரு வாரத்தில் இரண்டு ஊரிலும் தாராளமாகத் தங்கலாம். கொம்போஸ்தெலா சான்றிதழுக்குக் கடைசி நூறு கிலோமீட்டர் நடந்தால் போதும் என்பதால் அதற்கும் பாதகமில்லை. அப்படித் தாண்டுவது ஏமாற்று என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆகஸ்ட் வெயிலில் நிழலே இல்லாத அந்தச் சாலையை அவர்கள் நடந்து பார்த்திருந்தால் சரி.

இந்தியாவிலிருந்து இரண்டரை வார லீவில் வருகிறவருக்குக் கேள்வியே வேறு. அவர் தங்கும் ஊரைத் தேடவில்லை, தொடங்கும் ஊரைத் தேடுகிறார். அதற்கும் லெயோன்தான். மாட்ரிடிலிருந்து ரயில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, ரயில் நிலையத்திலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி நடந்தே பழைய ஊருக்குப் போய்விடலாம். புர்கோஸின் ரயில் நிலையம் ஊருக்கு வெளியே ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிறது. லெயோனிலிருந்து சான்டியாகோ பதின்மூன்று, பதினான்கு நாள் நடை. விமானத்தில் கெட்ட தூக்கத்தைச் சரிசெய்ய ஒரு நாள், கண்ணாடி பார்க்க அதே நாள். கிரெடென்சியால் என்னும் யாத்ரீகர் அட்டையை முதல் நாளே வாங்கி முத்திரை குத்திக்கொள்ளுங்கள். பேராலயத்தில் டிக்கெட்டுக்கு அதைக் காட்டினால் கட்டணம் குறையும், அதைக் கேட்டு வாங்க வேண்டும், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.